அனுப்பிய மருந்தும் அடைந்த மருந்தும்

 

'வெண்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள்' என்ற செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. ஒருவர் யாசீன் ஓத அமர்கிறார். இன்னொருவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு கிடைக்குமா என்று விசாரிக்கிறார். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று, "டியூப் போட்டாச்சா?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார்கள். அந்த இயந்திரத்தை மௌத்தின் வாசலாக எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

மில்லர்புரத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில், எங்கள் வாப்பா பதினோரு நாட்கள் அந்த இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிட்டார்கள். இறைவனின் அருளால் வீடு திரும்பினார்கள். அந்தப் பதினோரு நாட்களில் நாங்கள் அறிந்துகொண்ட ஒன்றைப் பிற குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறோம். இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட நோயாளியின் நுரையீரலுக்குள் மருந்து எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதே அது. கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றும். எங்கள் வாப்பாவின் உயிர் சில மணி நேரம் அந்தச் சிறிய செய்தியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வாப்பா இளமையில் இருபது ஆண்டுகள் சங்கு குளித்தவர்கள். திரேஸ்புரத்திலிருந்து விடியுமுன் தோணியேறி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் ஒரே மூச்சில் இறங்கி, மணலில் பதிந்து கிடக்கும் சங்குகளை எடுத்து வருவது அவர்களின் தொழில். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் இந்தக் கரையில் சங்குகுளிப்பு நிற்கவில்லை. பின்னர் உடல் தளர்ந்தபோது துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலைக்குப் போனார்கள். பீடிப் பழக்கமும் தூசியும் சேர்ந்து, அறுபதைத் தாண்டியபோது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக வந்து நின்றன. நீலநிற இன்ஹேலர் அவர்களின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் சளிக்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அது நிமோனியாவாக மாறியது. நாங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது வாப்பாவால் ஒரு சொல்லை முடிக்க மூச்சு போதவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முகமூடி வழியாகக் காற்று கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. நினைவு மங்கத் தொடங்கியது. தொண்டை வழியாகக் குழாய் செலுத்த வேண்டும் என்றார் மருத்துவர்.

கையொப்பம் இடும் நேரத்தில் உறவினர் ஒருவர் தயங்கினார். "ஆயுள் அல்லாஹ்விடம் இருக்கிறது, இயந்திரத்தில் கட்டிப்போட வேண்டுமா?" என்றார். அவர் சொன்னதிலும் அன்புதான் இருந்தது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உம்மா அதையே நினைவூட்டினார்கள். மருத்துவரும் உம்மாவை நோக்கிப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இந்த மெஷின் மூச்சை உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். சுருங்கிக்கிடக்கிற மூச்சுக்குழாயை அது திறக்காது. திறக்கிறது மருந்து. அந்த மருந்து வேலை செய்யறவரைக்கும் அவங்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் மெஷின்." நாங்கள் கையொப்பமிட்டோம்.

மருத்துவர் சொன்ன அந்த வேறுபாடு முக்கியமானது. வெண்டிலேட்டர் என்பது காற்றை அளந்து தள்ளும் கருவி. ஒரு நிமிடத்திற்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று, அதில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவர் நிர்ணயிக்கிறார். களைத்துப்போன மூச்சுத் தசைகளின் சுமையை அது தாங்கிக்கொள்கிறது. ஆனால் வாப்பாவின் நோய், மூச்சுக்குழாய்களின் கிளைகள் சுருங்கிச் சளியால் அடைபடும் நோய். அத்தகைய நோயாளிக்குக் காற்றை உள்ளே தள்ளுவதைக் காட்டிலும் வெளியே வரவைப்பதுதான் கடினம். முந்தைய மூச்சு முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிட்டால், காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சை அழுத்தும். ஆகவே நிமிடத்திற்குக் குறைவான மூச்சும், வெளிவிட நீண்ட அவகாசமும் வைக்கிறார்கள். அதோடு குழாய்களை விரிக்கும் சால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம் போன்ற மருந்துகளைக் காற்றோடு கலந்து நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறார்கள்.

மூச்சின் வழியே மருந்து கொடுப்பது புதிய யோசனை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். மூச்சிரைப்பை அரபு மருத்துவர்கள் 'ரப்வு' என்று அழைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன் என்ற யூத மருத்துவர் அந்நோயைப் பற்றி அரபு மொழியில் தனி நூலே எழுதினார். நம் நாட்டில் ஊமத்தையை உலர்த்தி, அதன் புகையை இழுப்பது இரைப்புக்கு மருந்தாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மருத்துவத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முறையை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரிக்குச் சொன்னார். அவர் 1802இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து ஐரோப்பா முழுதும் ஊமத்தைப் புகை பரவியது.

ஊமத்தை நஞ்சுடையது; இன்று யாரும் அதை முயன்று பார்க்கக் கூடாது. ஆனால் அதிலுள்ள அட்ரோப்பின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே, தீங்கு குறைந்த இப்ராட்ரோப்பியம் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது. அழுத்தினால் அளவாக மருந்து தெறிக்கும் இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் மகளுக்கு இரைப்பு நோய் இருந்தது. கூந்தலுக்கு அடிக்கும் திரவம் போல மருந்தும் டப்பாவில் வந்தால் என்ன என்று அந்தச் சிறுமி கேட்டதே அதற்குத் தூண்டுதல் என்பார்கள். இவ்வாறு மதராஸின் ஊமத்தை இலையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் நெபுலைசர் வரை ஒரு நீண்ட தொடர்ச்சி இருக்கிறது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மருந்து நுரையீரலின் உட்கிளைகளைச் சென்றடைய வேண்டுமானால், அதன் துளிகள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளி பெரிதானால் வழியிலேயே படிந்துவிடும். மிகவும் சிறிதானால் உள்ளே தங்காமல் வெளிவரும் மூச்சோடு திரும்பிவிடும். தானாக மூச்சுவிடும் நோயாளிக்கே மருந்தின் ஒரு சிறு பகுதிதான் உள்ளே சேரும். வெண்டிலேட்டரில் இருப்பவருக்கோ, இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட பிளாஸ்டிக் குழாய், அதன் வளைவுகள், இணைப்புகள், கடைசியாகத் தொண்டைக்குள் செல்லும் குறுகிய குழாய் ஆகிய அனைத்தையும் மருந்து கடந்தாக வேண்டும். ஒவ்வொரு வளைவும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரத்தில் இருந்த நோயாளிகளின் நுரையீரலில் நெபுலைசர் மருந்தின் 3 விழுக்காடுகூடப் படியவில்லை என்று கண்டார்கள். அதனால் இம்முறையே பயனற்றது என்று சிலர் எண்ணினர். 1990களில் ராஜீவ் தாண்ட், மார்ட்டின் டோபின் முதலிய மருத்துவர்கள் இதை நுணுகி ஆராய்ந்து, குறை மருந்தில் இல்லை, கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். முறை திருந்தினால் சென்றடையும் அளவு சில மடங்கு கூடுகிறது. அந்த முறை என்னவென்பதை, பார்வை நேரத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அங்கே பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர்.

முதலில் நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்துகிறார்கள். பிறகு குழாயில் சேர்ந்திருக்கும் சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள்; சளி அடைத்த வழியில் மருந்து செல்லாது. இன்ஹேலராக இருந்தால், உள்ளே செல்லும் காற்றுக்குழாயில் ஸ்பேசர் என்னும் சிறு கூடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். தெறிக்கும் மருந்து நேரே குழாய்ச் சுவரில் மோதாமல் அந்தக் கூட்டுக்குள் மேகமாக விரிந்து, பின்னர் காற்றோடு செல்கிறது. டப்பாவை நன்றாகக் குலுக்கி, இயந்திரம் மூச்சை உள்ளே அனுப்பத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். ஒரு வினாடி பிந்தினாலும் உள்ளே சேரும் மருந்து கணிசமாகக் குறைந்துவிடும். ஓர் அழுத்தத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 15 வினாடியாவது பொறுக்க வேண்டும்.

நெபுலைசராக இருந்தால் அதையும் உள்ளே செல்லும் காற்றின் பாதையில்தான் வைக்கிறார்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் நெபுலைசர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைக் கூடுதலாகக் குழாய்க்குள் சேர்க்கிறது. அதனால் இயந்திரத்தின் அளவுகள் மாறுபடக்கூடும். மருந்து முடிந்ததும் அவற்றைச் சரிபார்க்க வேண்டும். வலைத்தகடு அதிர்ந்து துளிகளாக்கும் புதுவகை நெபுலைசருக்கு இந்தக் கூடுதல் காற்று தேவையில்லை. வெளிவரும் மூச்சு இயந்திரத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். மருந்துத் துளிகள் கருவியைப் பழுதாக்காமல் அது காக்கிறது. ஒவ்வொரு முறையும் நெபுலைசரைக் கழுவி உலர்த்தாவிட்டால், கிருமிகள் அதில் குடியேறி நுரையீரலுக்கே போய்விடும்.

இவற்றோடு ஈரப்பதம் என்ற ஒன்றும் உண்டு. குழாயில் செல்லும் காற்று வறண்டு இருந்தால் நுரையீரல் புண்படும். எனவே அதைச் சூடாக்கி ஈரமாக்குகிறார்கள். ஆனால் ஈரக்காற்றில் மருந்துத் துளிகள் பருத்து வழியிலேயே படிவதால், சென்றடையும் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு வரை குறைகிறது. அதற்காக ஈரத்தை நெடுநேரம் நிறுத்திவைக்கவும் முடியாது. சில நோயாளிகளுக்குச் சூடேற்றும் கருவிக்குப் பதிலாக, தொண்டைக் குழாயின் வாயருகே ஒரு சிறிய வடிகட்டியைப் பொருத்துவார்கள். 'எச்.எம்.இ. ஃபில்டர்' என்று செவிலியர்கள் சொல்வது இதைத்தான். நோயாளி வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து, அடுத்த மூச்சோடு திருப்பித் தருவது அதன் வேலை. நெபுலைசர் கொடுக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால், ஈரத்தைப் பிடிப்பதுபோல் மருந்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

நான்காம் நாள் இரவு எங்களுக்கு நேர்ந்தது அதுதான். அன்று மாலையிலிருந்து வாப்பாவின் மூச்சுக்குழாய் அழுத்தம் ஏறிக்கொண்டே வந்தது. 30இல் இருந்தது 38 ஆயிற்று. மருந்து ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் கொடுக்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் இருந்தது. நோய் முற்றுகிறது போலும் என்று பேச்சு எழுந்தது. உம்மா வராந்தாவின் மூலையில் முசல்லாவை விரித்து அமர்ந்துவிட்டார்கள். நள்ளிரவுப் பணிக்கு வந்த அந்த மூத்த செவிலியர், குறிப்பேட்டைப் பார்த்ததோடு நிற்காமல், இயந்திரத்திலிருந்து வாப்பாவின் வாய்வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். இடையில் அந்த வடிகட்டி நனைந்து கனத்திருந்தது.

சற்று நேரத்தில் அவர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: "அண்ணே, மருந்து நேரத்துக்குக் கொடுத்திருக்காங்க. ஆனா ஃபில்டரைக் கழற்றாமக் கொடுத்திருக்காங்க. மருந்து அதுலயே நின்னுருச்சு. அது ஊறிப்போனதால காத்துக்கும் தடை. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இப்ப மாத்திட்டுத் திரும்பவும் கொடுத்திருக்கோம்." எங்களில் இளையவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் குரலை உயர்த்தும் முன் உம்மா அவன் கையைப் பிடித்தார்கள். "மறைக்காமச் சொன்ன புள்ளைகிட்ட சத்தம் போடாதே வாப்பா. அவ சொல்லலேன்னா நமக்குத் தெரியவா போகுது?" என்றார்கள்.

விடியற்காலைத் தொழுகைக்கு முன்பாக அழுத்தம் 31க்கு இறங்கியது. மறுநாள் மருத்துவர் எங்களை அழைத்து நடந்ததை விளக்கினார். அன்று முதல் வாப்பாவின் கட்டில் அருகே ஒரு தாளை ஒட்டினார்கள். 'ஃபில்டர் கழற்றப்பட்டதா? மீண்டும் பொருத்தப்பட்டதா?' என்று அதில் இரண்டு கட்டங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் அவற்றில் குறியிட்டார். அடுத்த நாளிலேயே அந்தத் தாள் மற்றக் கட்டில்களின் அருகிலும் இருந்தது.

நாங்கள் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். குறிப்பேட்டின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. மருந்து இருந்தது, நேரம் தவறவில்லை, கொடுத்தவரின் ஒப்பமும் இருந்தது. அனுப்பிய மருந்து நோயாளியை அடைந்ததா என்ற ஒன்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அமானிதம் என்ற சொல்லை நாம் பணத்துக்கும் பொருளுக்கும் உரியதாகவே பெரும்பாலும் பேசுகிறோம். ஒருவருக்குச் சேர வேண்டியதை அவர் கையில் சேர்க்கும்வரை நம் பொறுப்பு தீர்வதில்லை என்பதே அதன் பொருள். மயக்கத்தில் கிடக்கும் நோயாளியால் தனக்கு மருந்து வந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. அவருடைய மூச்சு முழுவதும் பிறர் கையில் உள்ள அமானிதம். தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவரை நம்பித்தான் வாப்பா அந்த நாட்களில் கடலுக்குள் இறங்கினார்கள். கயிறு பிடிப்பவர் கண்ணயர்ந்தால் கீழே இருப்பவருக்குச் சொல்ல வாயில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. மயக்க மருந்தைக் குறைத்து, காலைதோறும் வாப்பா தாமாக மூச்சுவிடுகிறார்களா என்று சோதித்தார்கள். பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கட்டியிருந்தது, முதலில் தண்ணீர் கேட்டார்கள், பிறகு என்ன கிழமை என்று கேட்டார்கள். வெள்ளி என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்த பின்னும் அதே பாடம் தொடர்ந்தது. வீட்டில் பயன்படுத்தும் இன்ஹேலருக்கும் ஸ்பேசர் வேண்டும் என்றார் மருத்துவர். இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். குலுக்க வேண்டும், மூச்சை முழுதும் வெளிவிட வேண்டும், அழுத்தியதும் மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கடலடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கிய மனிதர், முதல் வாரத்தில் நான்கு எண்ணுமுன் இருமிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்து விரல் விட்டு எண்ணுவார்கள். இப்போது எட்டு வரை வந்திருக்கிறது. பீடியை விட்டுவிட்டார்கள்.

நோன்பு மாதத்தில் இன்ஹேலர் பயன்படுத்தினால் நோன்பு முறியுமா என்ற கேள்வி நம் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகிறது. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் மதிக்கும் ஆலிமிடமும் உங்கள் மருத்துவரிடமும் ஒருங்கே கேட்டு முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகை இருக்கும்போது, யாரிடமும் கேளாமல் மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுமுட்டி மருத்துவமனைக்குப் போகும் நிலை நம் பெரியவர்களுக்கு வர வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 'இன்னும் எத்தனை நாள்?', 'பிழைப்பாரா?' என்ற கேள்விகளை எல்லாரும் கேட்கிறோம். அவற்றுக்கு எந்த மருத்துவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அவர்களால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளும் இருக்கின்றன. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுக்கப்படுகிறதா? இன்ஹேலராகவா, நெபுலைசராகவா? கொடுக்கும்போது எச்.எம்.இ. ஃபில்டரைக் கழற்றுகிறார்களா? கொடுத்த பிறகு அழுத்தமும் இரைப்பும் குறைந்தனவா? நாடித்துடிப்பு மிகுதியாகிறதா? தாமாக மூச்சுவிடும் சோதனை எப்போது? இவற்றைப் பணிவோடு, ஒருவரே, பார்வை நேரத்தில் கேளுங்கள். குற்றம் தேடும் தொனியில் கேட்டால் வாய்கள் மூடிக்கொள்ளும். வீட்டாரின் அக்கறையாகக் கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்து விளக்குகிறார்கள். நோயாளி வீட்டில் என்னென்ன இன்ஹேலர்கள் பயன்படுத்தினார் என்பதை எழுதிக் கொடுப்பதும் உங்கள் கடமை.

நம் பிள்ளைகளில் செவிலியராகவும் தொழில்நுட்பப் பணியாளராகவும் படிப்பவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், நீங்கள் ஒரு வடிகட்டியைக் கழற்றுவதும் மறுபடி பொருத்துவதும் எங்கோ ஒரு வீட்டின் வாப்பாவையோ உம்மாவையோ திருப்பித் தருகிறது. தவறு கண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன ஒருவருக்காக எங்கள் வீட்டில் ஐந்து நேரமும் துஆ செய்யப்படுகிறது.

மூச்சுக்குத் திணறும் அனைவருக்கும் வல்ல இறைவன் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக! அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்கும் கைகளுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.